சூடு ஆறுவதற்குள் சாப்பிட்ட மீன்

போன வருடம் தீபாவளி முடிந்து சில வாரங்கள் இருக்கும். பூச்சோங்கில் ஏரிக்கரையை ஒட்டி இருக்கும் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் நடந்தது இது. அந்த மாதிரி இடத்துக்கெல்லாம் போகிற ஆள் நான் இல்லை. கிள்ளானில் வீட்டிலேயே துணி தைக்கிறேன். கணவர் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறார்.

அவருடைய கம்பெனி விருந்தில் அதிர்ஷ்டக் குலுக்கு நடந்தது. மேடையில் இருந்த ரைஸ் குக்கர் எங்களுக்குத்தான் என்று அவர் முடிவே செய்துவிட்டார். எங்கள் நம்பரைக் கூப்பிட்டதும் ஓடினார். ஒரு மெல்லிய உறையோடு திரும்பி வந்தார். உள்ளே, அந்த உணவகத்தில் இரண்டு பேருக்கு மதிய சாப்பாட்டு வவுச்சர்.

"இதுல சோறு ஆக்க முடியுமா?" என்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தோம். மகள் விடவில்லை. "ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க லா, அம்மா. யாரும் உங்களைக் கடிக்க மாட்டாங்க," என்றாள். அவளே போன் செய்து மேசை சொல்லி வைத்தாள். நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டோம் என்பதையும் சொல்லிவிட்டாள்.

உண்மையைச் சொன்னால், வெளியாட்கள் முன்னால் வாய் திறந்து சாப்பிடவே எனக்குக் கூச்சம். கல்யாண வீட்டில்கூடக் கடைசிப் பந்தியில் ஓரமாக உட்காருவேன். அதனால் அன்று காலையிலேயே சோறு வடித்து சாம்பாரும் வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். அங்கே பேருக்குக் கொறித்துவிட்டு, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று திட்டம்.

கண்ணாடிச் சுவர் ஓரம் எங்கள் மேசை. வெளியே ஏரித் தண்ணீர் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. மேசையில் வெள்ளைத் துணி, ஆளுக்கு மூன்று முள்கரண்டி. பரிமாற வந்தது ஒரு மலாய்ப் பெண். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. ஆங்கிலம்தான் எனக்கு வராது, மலாய் நன்றாகப் பேசுவேன். கோழியா, மீனா என்று கேட்டாள். அவர் கோழி என்றார். நான் மெதுவாக மீன் என்றேன்.

ரொட்டி வந்ததும் என் கை தானாகப் போய் அவர் ரொட்டியில் பட்டர் தடவியது. பூசணிக்காய் சூப் வந்தது. அவர் குடித்து முடிக்கும் வரை நான் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்துவிட்டு, ஆறிய பிறகு குடித்தேன். வீட்டில் அப்படித்தான். அவருக்கும் பிள்ளைகளுக்கும் போட்டு, எல்லாரும் கை கழுவிய பிறகுதான் என் தட்டை எடுப்பேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொன்னதில்லை. அம்மா செய்தார், நானும் செய்கிறேன்.

பிறகு மீன் வந்தது. சியாக்காப், அதாவது கொடுவா மீன், மேலே எலுமிச்சையும் பட்டரும் சேர்ந்த குழம்பு. நல்ல வாசனை. அவர் கோழியை வெட்டத் தொடங்கினார். நான் அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் வந்து, "ஆன்டி, ஏதாவது வேணுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். இன்னொரு தடவை வந்து என் தட்டைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

சற்று நேரத்தில் சமையல்காரரே வெளியே வந்துவிட்டார். வெள்ளைக்காரர் வருவார் என்று நினைத்தேன். வந்தவர் எங்கள் வயதில் ஒரு சீனர். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே, "அக்கா, மீன் சரியில்லையா? வேற செஞ்சு தரவா?" என்று மலாயில் கேட்டார்.

அவர் முகம் வாடியிருந்தது. அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். வீட்டில் யாராவது தட்டில் மிச்சம் வைத்து எழுந்தால் என் முகம் அப்படித்தான் ஆகும்.

வாயில் கோழியோடு என் கணவர்தான் உதவிக்கு வந்தார். "மீன் மேல ஒண்ணும் தப்பு இல்ல, பாஸ். நான் சாப்பிட்டு முடிச்சாத்தான் இவ சாப்பிடுவா. வீட்டுப் பழக்கம்."

"வீட்டுல யார் சமையல்?"

"இவதான்."

"இங்க நான்தான சமைச்சேன்? அப்போ கடைசியா சாப்பிட வேண்டிய ஆளு நான்," என்றார் அவர். "சாப்பிடுங்க அக்கா, ஆறிட்டா என் பேரு கெட்டுப்போயிடும் லா." பிறகு என் கணவரிடம் திரும்பி, "பாஸ், அக்கா முடிக்கிற வரைக்கும் உங்களுக்கு இனிப்பு கிடையாது," என்றார்.

பக்கத்து மேசையில் சிரிப்பு. எனக்கு மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் அந்த மனிதர் பார்த்துக்கொண்டே நிற்கிறாரே! முள்கரண்டியை எடுத்து ஒரு வாய் வைத்தேன். அவர் சந்தோஷமாக உள்ளே போனார்.

என் கணவர் கத்தியையும் முள்கரண்டியையும் கீழே வைத்தார். பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நான் சாப்பிடுவதையே பார்த்தார். "எப்படி இருக்கு?" என்றார்.

"பஞ்சு மாதிரி இருக்கு. உப்புதான் கொஞ்சம் கம்மி."

என்னை அறியாமல் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் அது அவர் மட்டுமே சொல்லும் வார்த்தை. ஒரு கணம் என்னை உற்றுப் பார்த்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே உப்புக் குடுவையை எடுத்து, அவரே என் மீன் மேல் தூவினார். எனக்கு அவர் பரிமாறியது அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு கூச்சம் எங்கே போனது என்றே தெரியவில்லை. அவர் கோழியில் ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டுப் பார்த்தேன். ரொட்டியால் குழம்பை வழித்தேன். சமையல்காரர் கதவருகே எட்டிப் பார்த்தபோது, காலித் தட்டைத் தூக்கிக் காட்டினேன். அவர் கட்டை விரலை உயர்த்தினார். கரமல் புட்டிங் வந்தது, இரண்டு பேருக்கும் ஒன்றாக.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் சட்டிகள் அடுப்பங்கரையில் இருப்பதில்லை, மேசைக்கு வந்துவிடுகின்றன. வேண்டியவர்கள் வேண்டியதைப் போட்டுக்கொள்கிறோம், நானும் கூடவே உட்காருகிறேன். இத்தனை வருடம் நான் ஆக்கிய மீன் குழம்பு சூடாகச் சாப்பிட்டால் எப்படி இருக்கும் என்று இப்போதுதான் எனக்கே தெரிகிறது. நான் நன்றாகத்தான் சமைக்கிறேன்.