நடக்காத ஆறாவது மேட்ச்

போன வாரம் மண்டி மொஹல்லாவில் என் ஸ்கூட்டர் பஞ்சர். கடைக்காரர் டியூபில் ஒட்டுப் போட்டுச் சூடேற்ற, வெந்த ரப்பர் வாசனை கிளம்பியது. மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள், எனக்கோ பசியெடுக்கும். நஞ்சன்கூடு ஃபேக்டரியில் அந்த வாசனையோடுதான் பல வருடம் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டேன்.

அப்போது நான் கான்ட்ராக்ட் ஆள். கோபிநத்தத்திலிருந்து வந்த முருகேசண்ணனும் அப்படியே. ஜப்பானிலிருந்து புது பிரஸ் ஒன்று வந்திருந்தது. ரப்பர் வளையம் அச்சடிக்கும் மிஷின். அது ஒழுங்காக ஓடினால் எங்களுக்கு நிரந்தர வேலை. இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அதை ஓட்டிக்கொடுக்க வந்த இன்ஜினியர் மோரி சான். எங்களிடம் அவர் கற்றது ஒரே சொல். வளையத்தை வெளிச்சத்தில் பிடிப்பார், ஓரத்தில் மயிரிழை வெடிப்பு தெரியும், "சரியில்லா" என்று தொட்டியில் போடுவார்.

அக்டோபரில் அவர் ஊர் பேஸ்பால் அணி ஜப்பான் சீரிஸுக்குள் நுழைந்தது. அங்கே சாயங்கால மேட்ச், இங்கே டீ நேரம். கேன்டீன் மேசையில் செல்போனைச் சாய்த்து வைப்பார். பந்து எங்கே போனாலும் நாங்கள் கைதட்டுவோம். முதல் மூன்று மேட்ச்சும் தோல்வி.

"உடுங்க சார், ஏழுல இன்னும் நாலு இருக்குதுல்ல" என்றார் அண்ணன். கிரிக்கெட் புத்தி! தோற்ற சீரிஸிலும் மிச்ச மேட்ச்சை ஆடித் தீர்ப்பவர்கள் நாம். மோரி சான் இல்லையென்று தலையாட்டி, அரைகுறை இங்கிலீஷில் விளக்கினார். யார் முதலில் நாலு ஜெயிக்கிறார்களோ, அதோடு முடிந்தது, மிச்சம் கிடையாது. பிறகு போனில் இரண்டு டிக்கெட் காட்டினார், பக்கத்துப் பக்கத்து சீட். ஆறாவது மேட்ச் அவர் ஊரில். அப்பா வாங்கி வைத்திருக்கிறார். அதுவரை அணி தாக்குப்பிடித்தால் கிளம்பிவிடுவார். போனால் அடுத்த வருடம்தான் வருவார். அதற்குள் எங்கள் கான்ட்ராக்ட் முடிந்துவிடும்.

நாலாவது மேட்ச்சில் எங்கள் கைதட்டல் சுரத்தில்லாமல் போயிற்று. நான் மனசுக்குள் சாமுண்டியிடம் எதிரணிக்காக வேண்டிக்கொண்டேன். அம்மன் காதில் விழவில்லை. மோரி சானின் அணி ஜெயித்தது. அவர் துள்ளிக் குதித்ததைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது.

"அந்த மனுசன் தோக்கோணும்னு கும்புடறதுக்கு, நாளைக்குள்ள மிசினை ஓட்டிப்போடலாம், வா அம்மிணி" என்றார் அண்ணன், நான் வேண்டிக்கொண்டதைச் சொன்னதும்.

மறுநாள் யாரும் டீக்குப் போகவில்லை. ஐந்தாவது மேட்ச் மோரி சானின் பைக்குள்ளேயே கிடந்தது. அவர் சூட்டைத் துளி ஏற்றுவார், நான் அச்சைத் துடைப்பேன், அண்ணன் பிரஸ்ஸை இறக்குவார். சரியில்லா. மறுபடி. சரியில்லா. உள்ளங்கை கொப்பளித்தும் நாங்கள் விடுவதாக இல்லை. பொழுது சாயும் நேரத்தில் ஒரு வளையத்தை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்ததையும் பார்த்தார். "சரி" என்றார், முதல் முறையாக.

"ஊருக்குக் கெளம்புங்க சார்!" என்று கத்தினேன். அவர் போனை எடுத்தார். அந்த நிமிடம் அந்த அணி ஜெயிக்க வேண்டுமென்று என்னளவுக்கு ஜப்பானில்கூட யாரும் ஆசைப்பட்டிருக்க மாட்டார்கள். தோற்றிருந்தது.

எங்கள் வேலை நிரந்தரமாயிற்று. இன்று அந்த ஷெட் இல்லை. பிரஸ் பழைய இரும்புக்குப் போய்விட்டது. அண்ணனும் ஊரோடு போய்விட்டார். ஆனால் ரப்பர் வாசனை வந்தால் நான் தேடுவது இவை எதையும் அல்ல. மோரி சானும் அவர் அப்பாவும் உட்காராமல் போன அந்த இரண்டு சீட்டைத்தான். அவை இன்னும் காலியாகவே என் கண்ணில் நிற்கின்றன.