கிணற்றுக்கு அடியில் என்ன இருக்கிறது?

போன வாரம் பக்கத்து மனையில் போர் போட்டார்கள். ஜன்னலை மூடியும் பயனில்லை, வீடெல்லாம் வெள்ளைப் பொடி. நனைந்த பாறைப்பொடிக்கு ஒரு வாசனை உண்டு, கவனித்திருக்கிறீர்களா? சுண்ணாம்பும் இரும்பும் கலந்த மாதிரி இருக்கும். அது மூக்கில் ஏறினால் எனக்குக் காதர் மாமா ஞாபகம் வந்துவிடும்.

தொண்ணூறுகளின் கடைசியில் உத்தமபாளையத்தில் ஒரு மோட்டார் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தேன். வேலை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கரிந்த காயிலைப் பிரிப்பதும் முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதும்தான். காதர் மாமாவுக்குக் கோம்பை ரோட்டில் திராட்சைத் தோட்டம். ஆற்றுத் தண்ணீர் எட்டாத மேட்டு நிலம், கிணறுதான் எல்லாம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை, உள்ளே எது சுற்றுகிறது என்று பார்ப்பதற்காகவே கழற்றி, திரும்ப மாட்டத் தெரியாமல் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார். அப்படித்தான் பழக்கம். நான் மாமா என்றேன், அவர் மாப்ள என்றார். எங்கள் பக்கம் உறவுக்கு அது போதும்.

எதைக் கண்டாலும் கேள்விதான் மனிதருக்கு. ஆஸ்பத்திரியில் மச்சானுக்குக் குளுக்கோஸ் ஏறுவதைப் பார்க்கப் போனவர், நோயாளியை விட்டுவிட்டு டியூபை நலம் விசாரித்துக்கொண்டிருந்தாராம். கொஞ்ச நாளில் அவர் தோட்டத்துக் கொடிகளின் வேரில் டியூப் வழியாகத் தண்ணீர் சொட்டியது. சிரித்தவர்கள் எல்லோரும் மறு வருஷம் அதையே போட்டார்கள்.

கோடையிலும் வற்றாத தன் கிணற்றுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விதான் அவரை அரித்துக்கொண்டே இருந்தது. படியில் உட்கார்ந்து ஊற்றையே பார்ப்பார். “பாறைக்குக் கீழ என்னமோ இருக்கு மாப்ள. ஒரு துளை போட்டுப் பாத்துருவமா?”

மாமிக்கு ஆத்திரம். “இருக்குற தண்ணி பத்தாதா? வெவரம் தெரிஞ்சவுகளே வேணாங்குறாக.”

“பத்தும். ஆனா என்ன இருக்குன்னு தெரிய வேணாமா?”

கிணற்றை இறைத்துக் காலி செய்ய மோட்டார் இறக்கியது நான்தான். துளை போடும் மிஷினைக் கயிற்றில் இறக்கினார்கள். பொடி பறந்து, மாமா மாவு மில்லில் விழுந்து எழுந்தவர் போல நின்றார். திடீரென்று மிஷினின் துளைக்கம்பி தடையே இல்லாமல் கீழே போனது. அடியில் பெரிய வெடிப்பு. “ஏலே, நான் சொன்னேன்ல!” என்று குதித்தார். அந்த வயதில் அப்படிச் சந்தோஷப்பட்ட ஒருவரை நான் பார்த்ததில்லை.

இறைத்த கிணறு வழக்கமாக விடிவதற்குள் படி வரை ஊறிவிடும். மறுநாள் போனபோது அடிப்பாறை தெரிந்தது. ஊற்று பழையபடிதான் வந்துகொண்டிருந்தது. வந்த தண்ணீர் முழுக்க அந்தத் துளை வழியாக வெடிப்புக்குள் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. ஆப்பு அடித்தோம், சாக்குத் திணித்தோம், சிமெண்ட் போட்டோம். எதற்கும் நிற்கவில்லை. மாமி மேலே நின்று அழுதார்.

அப்புறம் மாமா கிணற்றுக்கு வெளியே ஆழமாகப் போர் போட்டார். போன தண்ணீர் அங்கே கிடைத்தது. அதுதான் வினையாகிவிட்டது. அதைப் பார்த்துப் பக்கத்துத் தோட்டக்காரர் இன்னும் ஆழமாகப் போட்டார், அவரைப் பார்த்து அடுத்தவர். கிணறுகள் வற்றி, கடைசியில் போர்களிலும் புழுதிதான் வந்தது. மாமாவின் கொடிகள் காய்ந்து, பந்தல் கல்தூண்கள் மட்டும் மிஞ்சின. தெரிந்துகொள்ள ஆசைப்படாதே என்று யாரிடம் சொல்வது? அந்த ஆசை இல்லாவிட்டால் மோட்டார் ஏது, சொட்டுநீர் ஏது? ஆனால் அதற்கு நிற்கத் தெரியவில்லை. எத்தனை யோசித்தும் எனக்கு இதில் ஒரு ஆறுதலும் கிடைக்கவில்லை.

இரண்டாயிரத்துப் பத்து வாக்கில் அவரைக் கடைசியாகப் பார்த்தேன். தோட்டம் மனையாகி, கிணற்றை இடிபாடு கொட்டி மூடியிருந்தார்கள். மகன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்ன பேசுவதென்று தெரியாமல், “மாமா, மலையக் கொடஞ்சு உள்ளுக்குள்ள என்னமோ ஆராய்ச்சி பண்ணப் போறாகளாம்” என்றேன். பழைய காதர் மாமாவாக இருந்தால் என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அப்போதே கிளம்பியிருப்பார்.

“வெயிலு ஏறுது, உள்ள வா மாப்ள” என்றார். எந்த மலை என்றுகூடக் கேட்கவில்லை.