விஜயவாடாவில் ‘இங்க’ என்றால்

போன ஞாயிறு மாடி வீட்டுக்காரர்கள் சாப்பிட வந்தபோது நீங்கள் இருவரும் வெளியே பந்து விளையாடிக்கொண்டிருந்தீர்கள். நான் ஏன் அப்படிச் சிரித்தேன் என்று பிறகு கேட்டீர்கள். எழுதியே தருகிறேன்.

சிட்னியில் இந்த டூங்கபிக்கு வந்தபின் உங்கள் அம்மாவுக்குக் கிடைத்த ஒரே சிநேகிதி மாடி வீட்டு ஆன்ட்டி. பரமட்டா ரயிலில் பழக்கம். தெலுங்குக்காரர், விஜயவாடா. இருவரும் அரைகுறை இங்கிலீஷில்தான் பேசிக்கொள்வார்கள். “அந்த ஊர்க்காரங்களுக்கு நான் கோங்கூரா அரைச்சு வெச்சா சிரிப்பாங்க” என்று அம்மா பயந்தாள். ஆனாலும் கடையில் கோங்கூரா துவையலுக்கான புளிச்சக்கீரையைப் பார்த்ததும் வாங்கிவிட்டாள்.

கல்யாணத்துக்கு முன் நான் அந்த ஊரில்தான், லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தேன். பழைய ஆட்கள் பெஜவாடா என்பார்கள். மலைமேல் துர்கையம்மன், கீழே கிருஷ்ணா ஆறு. வெள்ளைக்காரன் காலத்தில் ஆற்றை மறித்து அணை கட்டினார்கள். அதிலிருந்து பிரிந்த கால்வாய்கள் இன்றும் ஊருக்குள்ளேயே ஓடுகின்றன. அப்புறம் ரயில் வந்தது. வடக்கே போகிறவனும் தெற்கே வருகிறவனும் அங்கே இறங்கி ஏறினான். வந்தவனுக்கெல்லாம் சோறு போட்டே வளர்ந்த ஊர் என்று எனக்குத் தோன்றும். வெயில் மட்டும் யாருக்கும் தயவு காட்டாது.

முதல் நாள் மெஸ்ஸில் பரிமாறுகிறவர் சோற்று வாளியோடு வந்து “இன்கா?” என்றார். இங்கே வைக்கட்டுமா என்று கேட்கிறாராக்கும் என நினைத்து, இலையைக் காட்டி “ஆமா, இங்கதான்” என்றேன். வைத்தார். மறுபடி வந்து “இன்கா?” “இங்கதாங்க.” சோறு குவிந்துகொண்டே போனது. மிச்சம் வைக்கக் கூச்சப்பட்டு முழுவதையும் சாப்பிட்டேன். பக்கத்து இலையில் இருந்த லாரி டிரைவர் மெட்ராஸ் போய்வருகிறவர். “ஏம் தம்முடு, உங்க ஊர்ல சோறே போடலையா?” என்று கேட்டுவிட்டு அர்த்தம் சொன்னார். இன்கா என்றால் ‘இன்னும் வேணுமா’.

ஞாயிறன்று ஆன்ட்டியின் தட்டில் சோறும் பருப்பும் ஏற்கெனவே நிறைந்திருந்தன. அம்மா துவையல் கிண்ணத்தோடு போய், தட்டின் ஓரத்தைக் காட்டி, “இங்க?” என்றாள். ஆன்ட்டி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையைக் குறுக்கே வைத்து “சாலு, வத்து” என்றார். போதும், வேண்டாம் என்று அர்த்தம். அந்தக் கையைப் பார்த்ததும் அம்மாவின் முகம் வாடிவிட்டது. கிண்ணத்தோடு கிச்சன் பக்கம் திரும்பினாள். அப்போதுதான் நான் சிரித்தது.

எனக்குத் தெரிந்த தெலுங்கில் விஷயத்தைச் சொன்னேன். ஆன்ட்டி தலையில் அடித்துக்கொண்டு, “இவ்வு வதினா” என்று கையை நீட்டினார். கொடு அண்ணி என்கிறார். இரண்டு வாய் சாப்பிட்டார். அம்மா உட்காராமல் நின்றுகொண்டே இருந்தாள்.

“பாகுந்தி” என்றார் ஆன்ட்டி. இன்னொரு வாய் சாப்பிட்டுவிட்டு, “காரம் தக்குவ.”

“என்னங்க சொல்றாங்க?”

“நல்லாருக்காம். காரம் கம்மியாம்.”

“அவங்க ஊர்க் காரத்துக்கு நான் எங்க போறது? அடுத்த தடவ அவங்களே பக்கத்துல நின்னு அரைக்கட்டும்னு சொல்லுங்க.”

சொன்னேன். இன்று காலையிலேயே ஆன்ட்டி ஒரு பை குண்டூர் மிளகாயோடு இறங்கி வந்துவிட்டார். உள்ளே மிக்சி ஓடுகிறது. இருவரும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று தெரியவில்லை. தும்மல்தான் மாறி மாறிக் கேட்கிறது.