பெரிய ஆட்டம் நின்றுபோன சனிக்கிழமை

சனிக்கிழமை பகல் 1.45. தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேலில் தயா அண்ணையின் சாப்பாட்டுக் கடை வாசலில், இரண்டு கையிலும் மட்டன் ரோல்ஸ் பெட்டிகளோடு நின்றேன். கோயம்புத்தூரிலிருந்து பாரிசுக்குக் கணினி வேலைக்கு வந்தவன் ஐஸ் ஹாக்கி பார்க்கப் பெட்டி சுமப்பேன் என்று ஜோசியர் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

அண்ணையின் மகள் அனித்தா ஒரு சின்ன லீக்கின் பெண்கள் அணியில் கோல் காப்பவள். பொண்டி என்ற புறநகருக்கு அப்பால் ஓர் ஐஸ் அரங்கில் சனி மாலை 4.30க்கு அவர்கள் ஆடுவார்கள். அதே இடத்தில் 7 மணிக்கு ஆண்களின் தொழில்முறை ஆட்டம். சம்பளத் தகராறில் அந்தப் பெரிய லீக் வீரர்கள் மூன்று வாரமாக வேலைநிறுத்தம். அந்த மூன்று வாரமும் பெண்களுக்கு வெளியூர் ஆட்டம்; பெரிய ஆட்டம் இல்லாமல் இங்கே ஆடுவது இன்றுதான் முதல். அரங்க நிர்வாகி கறாராகச் சொல்லிவிட்டார்: இன்று இருநூறு பேராவது வராவிட்டால், பெண்களின் நேரம் பொதுமக்கள் சறுக்கி விளையாடுவதற்குப் போய்விடும். பெண்கள் இனி ஞாயிறு காலையில் வேறு அரங்கில் ஆட வேண்டியதுதான்.

சனிக்கிழமை என்றால் மனைவியிடம் கடையை விட்டுவிட்டு அண்ணை போய்விடுவார். ஒரு ஆட்டம் தவறியதில்லை. ஞாயிறு அப்படியல்ல. புறநகர்த் தமிழர்கள் கூட்டம் கூட்டமாகக் கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கி லா ஷப்பேலுக்கு வரும் நாள் அது. அன்று கடையில் நான்கு கையும் போதாது. ஆகவே மகள் ஆடுவதை அவர் பார்ப்பது இன்றோடு சரியா என்பதுதான் கேள்வி.

“பெரிய மட்ச் கிரேவிலை நிண்டுபோச்சு. சனம் இனி இதுக்குத்தானே வரும், என்ன தம்பி?” என்றார். வேலைநிறுத்தத்துக்கு இங்கே எல்லாத் தமிழர் வாயிலும் பிரெஞ்சுச் சொல்தான்.

“ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரைதானே அண்ணே. கண்டிப்பா வருவாங்க” என்றேன். எண்களை வைத்துக் கணிப்பதுதான் என் தொழில். அந்தத் திமிரில் சொன்னேன்.

2.05. கார் து நோரின் அடித்தளத்தில் ரயில் ஏறினோம். டிக்கெட் 2.50 யூரோ. வண்டியில் அண்ணை ஒரு நோட்டீசைக் காட்டினார். லா ஷப்பேல் கடைகளில் எல்லாம் ஒட்டியிருக்கிறாராம். அதில் ஆட்டம் 3 மணிக்கு என்று இருந்தது.

“நாலரைதானே அண்ணே?”

“ஓம். நாலரை எண்டு போட்டால் எங்கடை சனம் ஆறு மணிக்குத்தான் வரும். அதுதான் முந்திப் போட்டனான்.”

மறுக்க முடியவில்லை. அழைப்பிதழ் நேரத்தை நம்பிப் போய், மண்டபம் கூட்டுகிறவரோடு நான் மட்டும் உட்கார்ந்திருந்த விழாக்கள் உண்டு.

2.25. பொண்டி. தோட்டம் வைத்த தனி வீடுகள், அடுத்து மாடிக் குடியிருப்புகள். பஸ் அரை மணி நேரம் வரவில்லை. வந்தபின் இருபது நிமிடப் பயணம்.

3.20. அரங்கம் பூட்டியிருந்தது. வாசலில் மூன்று டிகிரிக் குளிரில் அறுபது தமிழர்கள், பாதிப் பெண்கள் பட்டுச்சேலையில். எல்லோரும் மூன்று மணிக்கே வந்துவிட்டார்கள்!

“பிரெஞ்சுக்காரன்ரை இடம், நேரத்துக்குக் கதவைச் சாத்திப்போடுவான் எண்டு ஓடி வந்தனாங்கள். நீர் எங்கை போனனீர்?” என்று ஓர் அம்மா அண்ணையைப் பிடித்துக்கொண்டார்.

கதவு திறந்தது நான்கு மணிக்கு. அதற்குள் பாதிப் பேர் ரோல்ஸை வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள்.

4.30க்கு ஆட்டம் நொடி பிசகாமல் தொடங்கியது. தலைகளை எண்ணினேன். எண்பத்தேழு. பக்கத்தில் வழக்கமாக வரும் ஒரு பிரெஞ்சுப் பெரியவர் இருந்தார். பெரிய ஆட்டம் இல்லையே, ரசிகர்கள் எல்லாம் எங்கே என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் என் பட்டம் பாதி கரைந்தது.

“என் பேத்தி ஆடுவதால் நான் வந்தேன். மற்றவர்கள் வருவதே ஏழு மணி ஆட்டத்துக்கு. நல்ல இடம் பிடிக்க முன்னதாக வந்து, இதையும் பார்ப்பார்கள். அது இல்லையென்றால் எதற்கு வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும்?” என்றார் பிரெஞ்சில்.

அனித்தா முகமூடியும் கால் கவசமுமாக இரண்டு மடங்கு பருமனாய் நின்றாள். வந்த அடிகளை உடம்பால் தடுத்தாள். “விடாதை பிள்ளை!” என்று அண்ணை தொண்டை கிழியக் கத்தினார். 3-2 என்று வென்றார்கள். நிர்வாகி காலி நாற்காலிகளைப் பார்த்தார், அண்ணையைப் பார்த்தார், இல்லையென்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

6.40. திரும்பும் பஸ். “பப்பா, ஸெ பா க்ராவ்” என்றாள் அனித்தா, பரவாயில்லை என்று. அண்ணை ஜன்னலையே பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் ஊர் அரசியல் கூட்டத்தில் தலைவர் வரவில்லை என்றால் அவருக்கு முன்னால் பேசும் வட்டச் செயலாளருக்கும் கூட்டம் கிடையாது. அவர் பேசுவது தலைவருக்காகக் காத்திருக்கும் கூட்டத்திடம். நாற்பது தடவை கண்ணால் பார்த்த இதை மறந்துவிட்டு, பழமொழி சொல்லி ஒரு தகப்பனுக்கு ஆசை காட்டியிருக்கிறேன்.

அதற்கு அடுத்த வாரம், ஞாயிறு காலை 11 மணி. சாமான் வாங்க லா ஷப்பேல் போனேன். நடைபாதையில் கால் வைக்க இடமில்லை. அண்ணையின் கடை ஷட்டர் மட்டும் கீழே இறங்கியிருந்தது. முன்னால் பத்துப் பதினைந்து பேர். ஷட்டரில் ஒட்டியிருந்த தாளில், 1 மணிக்குத் திறக்கப்படும் என்று அவர் கையெழுத்து.

கைநிறையப் பைகளோடு நின்ற ஓர் அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டார். “ஞாயிறிலை கடை பூட்டியிருக்கு. ஆருக்கும் செத்தவீடோ தம்பி?”

“இல்லம்மா. அவர் மகளுக்கு இன்னைக்கு மேட்ச்.”