அறிவித்தலில் போடக்கூடிய தொழில்கள்

தில்லைநாயகத்தார் பேப்பரைப் பின்பக்கத்திலிருந்துதான் விரிப்பார். முன்பக்கத்து மந்திரிமார் நாளைக்கும் இருப்பார்கள், பின்பக்கத்தில் வந்தவர்கள் இருக்கமாட்டார்கள் என்பது அவருடைய நியாயம். தேத்தண்ணீர் ஆறிக்கொண்டிருக்க, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, மரண அறிவித்தல்களை ஒவ்வொன்றாக வாசித்துப் புள்ளி போடுவார். "பாரும் யோகேஸ், நாலு பிள்ளையள். ஒண்டு டொக்டர், ஒண்டு எக்கவுண்டன், மற்ற ரெண்டுக்கும் வெறும் பேர். வெறும் பேர் எண்டால் என்ன அர்த்தம்? சொல்லிக்கொள்ள ஒண்டும் இல்லை எண்டு அர்த்தம்." குசினியிலிருந்து மனைவி யோகேஸ்வரி, "செத்த மனுசன் எப்பிடிப்பட்டவராம்?" என்று கேட்பார். அதைப் பற்றி அறிவித்தலில் ஒன்றும் இருக்காது.

காப்புறுதிக் கம்பனியில் தலைமைக் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவர். சாவைப் பற்றி எழுதுவதில் கை நன்றாகப் பழகியிருந்தது. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் யாராவது கண்ணை மூடினால், ஐயருக்குப் போன் போவதற்கு முன்னம் இவருக்குப் போகும். அழுதுகொண்டிருக்கும் வீட்டுக்குள் போய், ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அழுகையை ஒருக்கா நிப்பாட்டிப்போட்டுச் சொல்லுங்கோ, மூத்த மருமகன் என்ன செய்யிறார்?" என்று கேட்பார். பிறப்பிடமும் வசிப்பிடமும் ஒரு வரியில் முடிந்துவிடும். பிள்ளைகள், மருமக்கள், அவர்களுடைய தொழில், அடைப்புக்குறிக்குள் நாடு என்று வரும்போதுதான் பேனா மெல்ல நடக்கும். இதற்கெல்லாம் காசு வாங்கமாட்டார். செத்தவீட்டில் நாலு பேர் "அறிவித்தல் நல்லா வந்திருக்கு" என்றால் போதும், அன்றைக்கு மத்தியானம் ஒரு அகப்பை சோறு கூடுதலாக இறங்கும்.

சாதாரண தரப் பரீட்சை முடிவு வந்த கையோடு, ஒழுங்கையில் உள்ள பெற்றோர் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, இனி என்ன படிக்க விடுவது என்று கேட்க இவரிடம் வருவது இதனால்தான். விஞ்ஞானத்தில் எத்தனை துறை இருக்கிறது, உலகத்தில் யார் எதைக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு வேண்டாத விசயம். அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: "அதை அறிவித்தல்ல எப்பிடிப் போடுறது?" வானியல் படிக்க ஆசைப்பட்ட பிள்ளைக்கு, "சாத்திரம் பாக்கிறவ எண்டு நினைப்பினம், வேண்டாம்" என்றார். புள்ளிவிபரவியல் என்ற பிள்ளைக்கு, "உது தனிய ஒரு வரி பிடிக்கும், பேப்பர்க்காரன் விடமாட்டான்" என்று கையை விரித்தார். நுண்ணுயிரியல் என்றவனை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மெட்ஸ் என்றால் எஞ்சினியர், பயோ என்றால் டொக்டர். இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் விஞ்ஞானம் முழுவதும், எடுபடாத ஆட்கள் போய் இருப்பதற்காகக் கடவுள் விட்டுவைத்த வெறும் வளவு.

கீழ்வீட்டு அலவி மட்டும் ஒருநாள் அவரை மடக்கினார். "எங்கட ஆக்கள் மௌத்தானா அன்டைக்கே அடக்கிடுவோம் ஐயா, பேப்பர் வர முந்தி. அப்ப எங்கட புள்ளைக்கு விரும்பினத படிக்கேலுமா?" யோசித்துச் சொல்வதாகச் சொல்லித் தில்லைநாயகத்தார் அவரை அனுப்பினார். இன்னும் யோசிக்கிறார்.

சொந்த வீட்டில் அவர் நினைத்தது நடந்திருந்தது. மூத்தவன் டொக்டர், அடைப்புக்குறிக்குள் லண்டன். அடுத்தவன் பொறியியலாளர், அடைப்புக்குறிக்குள் கனடா. அந்தப் பொறியியலாளர் அங்கே ஒரு பெரிய களஞ்சியசாலையில் பெட்டி ஏற்றி இறக்குவது அடைப்புக்குறிக்கு வெளியில் உள்ள சமாச்சாரம். இருவரும் வந்து போய்க் கனகாலம். வீடியோ கோலில் மூத்தவனின் பிள்ளை இவருக்கு ஒரு 'ஹாய்' சொல்லிவிட்டு ஓடிவிடும். "பிஸி, பாவங்கள்" என்று யோகேஸ்வரியிடம் சொல்வார். சொல்லிவிட்டுப் போனைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருப்பார்.

கடைக்குட்டி ஆரணிதான் வசனத்தைக் குழப்பினாள். மெட்ஸ் படித்தாள், நல்லது. எஞ்சினியரிங் போகாமல் விஞ்ஞான பீடத்துக்குப் போனாள், சரி, பல்கலைக்கழகத்துக்கு ஆள் எடுக்கும் இசட் ஸ்கோர் செய்த சதி என்று ஆட்களுக்குச் சொல்லிச் சமாளிக்கலாம். பட்டம் முடித்தபிறகு அவள் செய்ததைத்தான் வெளியில் சொல்ல முடியவில்லை. மாதத்துக்கு ஒருநாள், கடல் நன்றாக வற்றும் நேரம் பார்த்து, தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைக்குப் போய் மணலை அளந்தாள். பீடத்தில் அவளோடு வேலை செய்யும் மெல்ரோய், இலக்கம் போட்ட நீளக் கோல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கரையிலிருந்து கடலுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவான். இவள் முக்காலியில் நிற்கும் கருவிக்கு ஊடாக அந்தக் கோலைப் பார்த்து, மணல் எங்கே உயர்ந்திருக்கிறது, எங்கே பதிந்திருக்கிறது என்று குறித்துக்கொள்வாள். தென்மேல் பருவக்காற்று அள்ளிக்கொண்டு போன மணலில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதுதான் ஆராய்ச்சி. ஒரு வருட அளவுகள் விடுபடாமல் இருந்தால் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதியலாம் என்று பேராசிரியை சொல்லியிருந்தார். ஒரு மாதம் தவறினாலும் எல்லாம் முதலிலிருந்து.

"மகள் கடல்ல என்னத்தத் தேடிட்டு ஈக்கிறா ஐயா? மோதிரம் ஏதும் உழுந்திட்டா?" என்று அலவி ஒருநாள் உண்மையான அக்கறையோடு கேட்டார். தில்லைநாயகத்தார் "ஓம்" என்றார். மோதிரம் என்றால் ஆட்களுக்கு விளங்கும்.

இந்த நிலையில்தான் கொட்டாஞ்சேனையில் இருந்த அவருடைய அண்ணர் காலமானார். அறிவித்தலை இவரே எழுதினார். அழுதுகொண்டுதான் எழுதினார், அதில் பொய்யில்லை. ஆனால் பெறாமக்கள் வரிசையில் தன் பிள்ளைகளுக்கு வந்தபோது, டொக்டருக்கும் பொறியியலாளருக்கும் பக்கத்தில் 'ஆரணி' என்று மொட்டையாக ஒரு பெயர் நிற்பதைக் கண்ணீருக்குள்ளாலும் அவரால் சகிக்க முடியவில்லை. 'பொறியியலாளர் ஆரணி' என்று எழுதி அனுப்பிவிட்டார்.

"அப்பா, நான் எப்ப எஞ்சினியரானனான்?" என்று ஆரணி பேப்பரைக் கொண்டுவந்து முன்னால் போட்டாள்.

"இண்டைக்குக் காலமை."

"திருத்திப் போடச் சொல்லுங்கோ."

"செத்தவீட்டு அறிவித்தலுக்குத் திருத்தம் போடுறதோ? செத்த ஆள் எழும்பிட்டார் எண்டெல்லோ சனம் நினைக்கும்!"

அதோடு முடிந்திருந்தால் பெரிய கெடுதி இல்லை. கொள்ளுப்பிட்டியில் கட்டடக் கம்பனி நடத்தும் தூரத்துச் சொந்தக்காரர் சாந்தகுமாரும் பின்பக்கம் வாசிப்பவர். எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவு முடிய அவர் போன் எடுத்தார். "அண்ணை, மகள் எஞ்சினியராமே, ஒரு சொல்லுச் சொல்லேல்லை! நான் இஞ்ச ஆளில்லாமல் அலையிறன்." அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். தில்லைநாயகத்தார், "உம்மட்டைச் சொல்லவேணும் எண்டுதான் இருந்தனான்" என்றார். கடற்கரையில் ஏதோ அளக்கிறாள் என்பதையும் சேர்த்துச் சொன்னார். சாந்தகுமாருக்கு அது போதுமாக இருந்தது. அளக்கத் தெரிந்தால் சரி, பெயர் அட்டையில் எஞ்சினியர் என்று அடிக்கலாம், மற்றதெல்லாம் சைட்டில் பழகலாம். அவள் பழகி முடியும்வரை கட்டடம் நிற்பது கட்டடத்தின் பொறுப்பு. திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்.

"நான் போகமாட்டன்" என்றாள் ஆரணி.

"அச்சில வந்திட்டுது பிள்ளை. இனி நீதான் அதுக்கு ஏத்த மாதிரி நடக்கவேணும். உந்த மண்ணை அளந்து என்னத்தைக் காணப்போறாய்? போனது போனதுதான்."

"திரும்பி வருது அப்பா. எவ்வளவு எண்டு பாத்தால்தான் தெரியும்."

அதற்குப் பிறகு வீட்டில் அப்பனும் மகளும் கதைக்கவில்லை. யோகேஸ்வரிதான் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துக்கொண்டே சொன்னார்: "பொடியள் ரெண்டுபேரையும் உங்கட அறிவித்தலுக்காக அனுப்பிப்போட்டியள். இவள் ஒருத்திதான் வீட்டில மிச்சம். இவளையும் குடுத்தாத்தான் உங்கட வசனம் முடியுமோ?" தில்லைநாயகத்தார் குழம்பில் உப்புக் கூட என்றார். அன்றைக்கு உப்பு சரியாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, கொட்டாஞ்சேனையில் இன்னொரு செத்தவீடு. அறிவித்தல் இவர் எழுதியது. நாலு பேர் சொல்வதைக் கேட்கப் போகாமல் இருக்க முடியுமா? வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட்டு, தோளில் சால்வை என்று புறப்பட்டவரின் கையில் யோகேஸ்வரி ஒரு இடியப்பப் பார்சலைத் திணித்தார். "பிள்ளை சாப்பிடாமல் ஓடிட்டாள். வருசத்துக் கடைசி அளவாம் இண்டைக்கு. போற வழியில குடுத்திட்டுப் போங்கோ." கடற்கரை மேற்குப் பக்கம், பஸ் கிழக்குப் பக்கம். அந்த வீட்டில் "போற வழி" என்று யோகேஸ்வரி சொன்னால் அது போகிற வழிதான்.

தண்டவாளம் தாண்டிக் கல்லில் இறங்கியபோது ஆரணி தனியாக நின்றாள். மெல்ரோயின் மோட்டார் சைக்கிள் கிருலப்பனையில் நின்றுவிட்டதாம். கோலை மணலில் குத்தி நிறுத்திவிட்டுக் கருவியடிக்கு ஓடுவாள், போய்ச் சேரமுன் கோல் சரியும். திரும்ப ஓடுவாள். திரும்பச் சரியும். வற்றிய கடல் இனிப் பெருகத் தொடங்கும். அவள் அழுதுகொண்டு ஓடுவதைக் கிட்டப் போனபிறகுதான் இவர் கண்டார். சின்னப் பிள்ளையாக இருந்தபோதுகூட அழுவதற்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறவள்.

"ஒருக்கா இதைப் பிடியுங்கோ அப்பா. ஒரே ஒருக்கா."

"நான் செத்தவீட்டுக்கெல்லோ வெளிக்கிட்டனான்."

அவள் கோலை நீட்டிக்கொண்டே நின்றாள். பார்சலையும் செருப்பையும் கல்லில் வைத்துவிட்டு அவர் வாங்கிக்கொண்டார். கோலில் ஒரு சின்னக் குமிழ் பொருத்தியிருந்தது. அது வட்டத்துக்குள் அசையாமல் நின்றால்தான் கோல் நேராக நிற்கிறது என்று காட்டிக்கொடுத்துவிட்டு அவள் ஓடினாள். ஈர மணலில் ஒன்று. நுரை வந்து திரும்பும் இடத்தில் ஒன்று. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கணுக்காலில் ஒன்று. ஒவ்வொரு முறையும் அவள் கையைக் காட்ட இவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கினார். முழங்காலளவில் அலை வந்து மடித்துக் கட்டியதையும் நனைத்துவிட்டது. "சனியன்!" என்றார். குமிழை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"தில்லையண்ணை!"

தண்டவாளத்து ஓரத்தில், நடைப்பயிற்சிச் சப்பாத்தோடு சாந்தகுமார் நின்றார். "என்ன, வேட்டியோட கடலுக்குள்ள? நாளைக்கு எட்டு மணிக்கு மகளை அனுப்பிவிடுங்கோ. மேசை எல்லாம் போட்டாச்சு!"

கருவியில் குனிந்திருந்த ஆரணி நிமிர்ந்து தகப்பனைப் பார்த்தாள்.

தில்லைநாயகத்தார் நிமிரவில்லை. நிமிர்ந்தால் குமிழ் அசையும். "அவ எஞ்சினியர் இல்லை, தம்பி" என்றார்.

"கேக்கேல்லை அண்ணை, அலை இரையுது!"

ஒருமுறை சொல்வதே பெரும்பாடு. இப்போது குளிக்க வந்தவர்களும் அவித்த கடலை விற்கிறவனும் கேட்கக் கத்தவேண்டியிருந்தது. "எஞ்சினியர் இல்லை! பேப்பரில நான்தான் பொய் போட்டனான்! அவ வரமாட்டா!"

சாந்தகுமார் கையை வாயருகே குவித்து, "அப்ப அவ என்ன செய்யிறா?" என்று கேட்டார்.

அதை அறிவித்தலில் எப்படிப் போடுவதென்று தில்லைநாயகத்தாருக்கு இன்னும் தெரியாது. ஆரணி மறுபடி கருவியில் குனிந்து பார்த்துவிட்டுக் கையைக் காட்டினாள். அவர் தோள் சால்வையை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு, தொடையளவு தண்ணீருக்குள் இன்னொரு அடி பின்னால் வைத்து, கோலை இரண்டு கையாலும் அடியில் ஊன்றிப் பிடித்தார்.