காப்பிக் கலர் கரை

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அஞ்சாவது வரைதான் படித்தேன். சின்ன ர, பெரிய ற இரண்டும் இன்றைக்கும் தடுமாறும். நடந்ததிலும் பாதி மறந்துவிட்டது.

பெரம்பலூரில் எங்கள் வீட்டில் மருமகள் கேக் செய்து விற்கிறாள். வாங்குகிறவர்கள் எல்லாம் அக்கம்பக்கத்தில் தெரிந்தவர்கள்தான். அரியலூரிலிருந்து ஒரு டீச்சர் போன் செய்தபோது அவள் குரும்பலூருக்குக் கேக் கொடுக்கப் போயிருந்தாள். போன் சார்ஜில் கிடந்தது. எனக்குப் போனில் பேசக் கூச்சம். அடித்து ஓயட்டும் என்று பார்த்தேன், ஓயவில்லை. எடுத்தேன்.

"எங்கம்மாவுக்கு எழுபது வயசு முடியுதுங்க. அவங்க கட்டுற சேலை மாதிரியே கேக் வேணும். சந்தனக் கலரு, காப்பிக் கலர் கரை" என்றார்.

பதற்றத்தில் சேலையை விட்டுவிட்டேன். 'சந்தனக் கலர் கேக், காப்பி கறை' என்று மட்டும் துண்டுச் சீட்டில் எழுதினேன். மருமகள் வந்து படித்துப் பார்த்தாள்.

"காப்பிக் கறையா அத்தை?"

"ஆமாம்மா, அப்படித்தான் சொன்னாங்க."

மறுநாள் காலையில் சந்தன நிறக் கேக்கின் விளிம்பிலிருந்து சாக்லேட் சொட்டுச் சொட்டாக வழிந்து உறைந்திருந்தது. இந்தக் காலத்துக் கரை இப்படித்தான் போல என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

டீச்சர் பஸ் ஏறிவிட்டுப் போன் செய்தார். மருமகள் வேலையாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள்.

"கரை நேரா வந்திருக்குங்களா?"

"நேரா எப்படி மேடம் வரும்? வழிஞ்சு இறங்கியிருக்கு. அதானே அழகு."

"சேலைக் கரை எங்கயாவது வழியுமாங்க?"

மருமகள் என்னைப் பார்த்தாள். "நீங்க வாங்க மேடம்" என்று போனை வைத்தாள்.

"எந்தச் சேலை அத்தை?"

சொன்னேன். சீட்டைத் தேடி எடுத்து வந்தாள்.

"பெரிய ற போட்டு வச்சிருக்கீங்க!"

"ரெண்டும் ஒரே சத்தந்தானம்மா."

"சத்தத்தையா நான் கேக்குல ஊத்துனேன்?"

அரியலூர் ஆர்டர் அதுதான் முதல். டீச்சர் வேண்டாமென்று திரும்பிப் போனால் அந்த ஊருக்கு அப்புறம் கேக் போகாது. அவள் அதைச் சொல்லவில்லை. எனக்கே தெரிந்தது. பஸ் வர ஒரு மணி நேரம் இருந்தது.

சாக்லேட்டைக் கத்தியால் சுரண்டினாள். அது வழிந்திருந்த இடமெல்லாம் பழுப்பாக நின்றது. இப்போதுதான் அது நிஜமாகவே கறை. மறைக்க வேண்டுமானால் கரையை அகலமாகப் போட வேண்டும்.

சர்க்கரை மாவில் காப்பிக் கலர் பிசைந்து சப்பாத்தி போலத் தேய்த்தாள். இரும்பு ஸ்கேலை வைத்துப் பட்டையாக வெட்டினாள். வெட்டியதும் தூக்கியதில் முதல் பட்டை இழுபட்டுக் கோணியது. அடுத்ததைச் சற்று உலரவிட்டு எடுத்தாள். கரை நேராக வர, கேக்கைச் சுற்றி நான் ஒரு நூலைப் பிடித்துக்கொண்டேன். நூலோடு தண்ணீர் தொட்டு ஒட்டினாள். அகலப் பட்டை ஒன்று, அதன் கீழே மெல்லியது ஒன்று. மேலே முந்தானை மாதிரி குறுக்கே ஐந்தோ ஆறோ. ஒன்றும் கோணவில்லை.

ஒரே ஒரு சொட்டு மட்டும் கரையைத் தாண்டிக் கீழே இறங்கியிருந்தது. அதன்மேல் சேலையில் வருகிற மாதிரி ஒரு மாங்காய் செய்து ஒட்டினாள்.

டீச்சர் வந்து குனிந்து சுற்றிப் பார்த்தார். "கரை நல்லா இருக்கு. ஆனா அம்மா சேலையில மாங்கா கிடையாதுங்களே?"

மருமகள் பெட்டியை எடுக்கத் திரும்பினாள். எப்படியோ என் வாய்தான் திறந்தது.

"பொறந்தநாளுக்குப் புதுச் சேலைம்மா."

டீச்சர் சிரித்துவிட்டார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே போகப் போவதாகச் சொல்லி, பஸ்ஸில் ஆடாதபடி கட்டித் தரச் சொன்னார்.

மேலே பட்டை ஐந்தா ஆறா என்று மருமகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கரை வரும் இடத்தில் கரை, கறை வரும் இடத்தில் கறை இருக்கிறதா என்றும் படித்தவர்கள் யாராவது ஒருமுறை பார்த்துத் திருத்திவிடுங்கள்.