ஆண்டாயி நர்ஸ் ஆன கதை

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. வதந்திக்கு அது ஒரு குறையாக இருந்ததே இல்லை. டிக்கெட் வாங்காமல் பஸ்ஸில் ஏறி, நமக்கு முன்னால் இறங்கி, டீக்கடையில் உட்கார்ந்திருக்கும்.

அப்படி இறங்கிய ஒன்றை எனக்குச் சொன்னவர் செல்லதுரை. மனை வாங்கி விற்கும் தரகர். உலகத்தில் நடப்பதெல்லாம் தெரியும், தான் விற்கும் மனையில் தண்ணீர் நிற்கும் என்பதைத் தவிர.

"எறையூரு தாண்டி நொச்சித்திட்டுன்னு ஒரு ஊரு சார். அங்க மிஷன் ஆஸ்பத்திரியில கூட்டிப் பெருக்குறவ ஒருத்தி, ஆண்டாயின்னு பேரு. ஒரே நாள்ல மதம் மாறி, பேரு மாறி, நர்ஸாவும் ஆயிட்டா. வெள்ளக்காரன் புஸ்தகத்துல போட்டோ வந்திருக்கு. நம்ம சனத்தை எப்படி வளைக்கிறானுவ பாத்தீங்களா?"

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்கணுமா என்ன? ஊருக்கே தெரியும்."

செல்லதுரையின் பிள்ளைகள் இருவரும் படிப்பது மிஷன் பள்ளிக்கூடத்தில். சீட்டுக்காக மூன்று நாள் அந்த வாசலில் கைகட்டி நின்றவர். அந்த மூன்று நாளும் அவருக்கு மதம் ஞாபகத்துக்கு வரவில்லை. வெயில் அப்படி.

எனக்கு வேறு வேலை இல்லாததால் நொச்சித்திட்டுக்குப் போனேன்.

ஊர்க் கோடியில் கரும்புக் காட்டை ஒட்டி இரண்டு அறைக் கட்டடம். 'நல்விளக்கு மிஷன் மருத்துவ நிலையம்' என்று பலகை. பெயின்ட் புதிது. வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணி தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நர்ஸம்மா இருக்காங்களா?" என்றேன்.

"புஸ்தகத்துல இருக்காங்க. இங்க இல்ல" என்றார் ஆண்டாயி.

அந்தப் பதிலிலேயே வதந்தியின் பாதி உயிர் போய்விட்டது. மீதியைக் கொல்ல ஒரு பகல் ஆனது.

கரும்பு வெட்டும் குடும்பத்தில் பிறந்தவர் ஆண்டாயி. பள்ளிக்கூடம் போனதில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு முன் மிஷன் இங்கே மருந்து கொடுக்க ஓர் அறையும், மாலையில் எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஓர் அறையும் கட்டியபோது, செங்கல் சுமந்த கூலியாட்களில் ஒருவர். கட்டி முடித்ததும் பெருக்கும் வேலைக்கு அங்கேயே நின்றுவிட்டார். அங்கிருந்த நர்ஸ் லீலாவதி, பகலெல்லாம் மொபெட்டில் ஊர் ஊராகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்ப்பவர். மாலையில் ஆண்டாயியின் கையைப் பிடித்து அ, ஆ எழுத வைத்தவர். சுற்று வட்டாரத்தில் முப்பது வயதுக்குள் இருப்பவர்களில் பாதிப் பேர் லீலாவதியிடம் ஊசி போட்டுக்கொண்டு அழுதவர்கள். யாரையும் அவர் மதம் மாறச் சொன்னதாக யாரும் சொல்லவில்லை. "மாத்திரையை ஒழுங்கா முழுங்கு" என்று மட்டும்தான் சொல்வாராம்.

இதைச் சொல்லும்போது என் கேலி வாயை மூடிக்கொள்கிறது. கவலைப்படாதீர்கள், சீக்கிரம் திறக்கும்.

லீலாவதி வயதாகி ஓய்வு பெற்று, திருச்சிக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு மிஷன் ஆள் போடவில்லை. பெயின்ட் அடித்தது. மிஷனின் திட்ட அலுவலர் அறிவரசன் அரியலூர் ஆபீஸிலிருந்து போன் செய்து, "நீங்க பாத்துக்கங்க அக்கா" என்றார்.

'பாத்துக்கங்க' என்பது தமிழில் ஒரு பதவி நியமன உத்தரவு. கையெழுத்து கிடையாது, சம்பள உயர்வு கிடையாது. ஏதாவது ஆனால் மாட்டுவது யார் என்பது மட்டும் தெளிவாக இருக்கும்.

ஆண்டாயி பார்த்துக்கொண்டார். ரத்த அழுத்தம் பார்த்தார், புண்ணுக்குக் கட்டுப் போட்டார். ஊருக்கும் அது வசதியாக இருந்தது. பஸ் ஏறிப் பெரம்பலூர் போகும் வேலை மிச்சம். முக்கியமாகப் பழனிவேலுக்கு. இவர் சர்க்கரை ஆலையில் எடை மேடையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். இப்போது அந்தச் சர்க்கரையெல்லாம் உடம்பில் ஏறிவிட்டது. தினமும் ஊசி போட வேண்டும். தானே போட்டுக்கொள்ளப் பயம். சொந்தக்காரப் பெண் ஆண்டாயிதான் போட வேண்டும் என்று அடம்.

ஒருநாள் காலை, "சாப்ட்டியா மாமா?" என்று ஆண்டாயி கேட்க, "ஆச்சு, ஆச்சு, போடு" என்றார். ஆகவில்லை. ஊசி போட்டுக் கால் மணி நேரத்தில் வேர்த்துக் கொட்டி, பெஞ்சிலிருந்து சரிந்துவிட்டார். ஆண்டாயி எதிர் வீட்டுக்கு ஓடி ஒரு கை சர்க்கரை அள்ளி வந்து வாயில் திணித்தார். கண் திறந்தது.

"முப்பது வருசம் மூட்டை மூட்டையா எடை போட்டேன். கடைசில ஒரு கைச் சக்கரையில உசுரு திரும்பிச்சு பாத்தியா!" என்று பழனிவேல் அதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

ஆண்டாயி சிரிக்கவில்லை. "மாமா போயிருந்தா யாரு உள்ள போயிருப்பா? மிஷன் டைரக்டரா? தொடப்பம் புடிச்ச கைதான் போயிருக்கும்" என்றார் என்னிடம். அன்றே அறிவரசனுக்குப் போன் போட்டு, உடனே ஒரு நர்ஸை அனுப்பச் சொன்னார்.

"பாத்துக்கங்க அக்கா."

இரண்டு வாரம் கழித்து அறிவரசனே கூப்பிட்டார். "அக்கா, தை மாசம் அரியலூர்ல நம்ம வெள்ளிவிழா. வெளிநாட்டுலேருந்து பெரியவங்கல்லாம் வராங்க. நீங்க வந்து சாட்சி சொல்லணும்."

இங்கேதான் கதை தடம் புரண்டது. சபைத் தமிழில் சாட்சி என்றால், கடவுள் தனக்குச் செய்த நன்மையை எழுந்து நின்று நன்றியோடு சொல்வது. நொச்சித்திட்டுத் தமிழில் சாட்சி என்றால் கோர்ட்டு. ஆண்டாயி, தன் புகாருக்கு விசாரணை வந்துவிட்டது என்று புரிந்துகொண்டார். ஓர் ஊசிக்காக வெளிநாட்டிலிருந்தே அதிகாரிகள் வருவது அவருக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது.

பழனிவேல் ஓடி வந்து கையெடுத்துக் கும்பிட்டார். "என் பேரை இழுத்துடாத புள்ள."

"நீ சாப்ட்டேன்னு பொய் சொன்னதை நான் சொல்லாம யாரு சொல்லுவா?"

"சாப்ட்டேன்னு எங்க சொன்னேன்? ஆச்சுன்னுதான் சொன்னேன்!"

ஆண்டாயிக்குச் சாட்சிக் கூண்டு புதிதல்ல. கொழுந்தனாரின் வரப்புத் தகராறில் பெரம்பலூர் கோர்ட்டில் ஏறியவர். அன்று வக்கீல் சொல்லிக்கொடுத்தது இன்றும் மனப்பாடம்: பார்த்ததை மட்டும் சொல்லு, சுருக்கமாகச் சொல்லு, முதலில் சத்தியம் பண்ணு. எனவே, அன்றைக்குப் போட்ட ஊசிக்குழாயையும் காலி மருந்துப் புட்டியையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறி அரியலூர் போய்ச் சேர்ந்தார். தடயம்.

விழாவின் வீடியோவை நானே பார்த்தேன். கல்யாண மண்டபம். மேடையில் மிஷன் டைரக்டர், மாலைகள். முன்வரிசையில் ஆறேழு வெள்ளைக்கார முதியவர்கள். சிமெண்ட் லாரி போகும்போதெல்லாம் மைக் இருமுகிறது. ஆண்டாயி தமிழில் சொல்ல, பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் சொன்னவர் அறிவரசன். மிஷன் விடுதியில் தங்கி, மிஷன் பள்ளியில் ஆங்கிலம் கற்றவர். நல்ல ஆங்கிலம். அதில் 'இல்லை' என்ற ஒரு சொல்தான் இல்லை.

ஆண்டாயி வலது கையை உயர்த்தினார். "நான் சொல்றதெல்லாம் சத்தியம்." வெள்ளைக்காரர்கள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு, ஆளுக்கு இரண்டு கையை உயர்த்தினார்கள்.

"நான் கூட்டிப் பெருக்குறவ. நர்ஸ் இல்ல. என்னையப் புடிச்சு ஊசி போட வச்சிருக்காங்க."

அறிவரசன்: கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தாள். இன்று ஊசி போடும் செவிலி. கைதட்டல்.

"பதினோரு மாசமா இதான் நெலமை."

அறிவரசன்: பதினோரு மாதமாக இந்த ஊழியத்தில் இருக்கிறாள்.

"அன்னைக்குப் பழனிவேல் மாமா செத்தவராட்டம் கெடந்தாரு." பையிலிருந்து ஊசிக்குழாயை எடுத்துக் காட்டுகிறார்.

அறிவரசன்: செத்தவரைப் போலக் கிடந்த ஒருவர் இவள் கைபட்டு எழுந்தார். தன் கருவிகளை இவள் ஒருபோதும் பிரிவதில்லை. அல்லேலூயா, மூன்று முறை.

கடைசியாக ஆண்டாயி சொன்னது ஒன்றே ஒன்று. "ஒரு நர்ஸைப் போடுங்க. இல்லாட்டி ஆஸ்பத்திரியைச் சாத்துங்க."

வீடியோவில் அந்த இடத்தில் அறிவரசன் எச்சில் விழுங்குவது தெரிகிறது. பிறகு ஆங்கிலத்தில், "எங்களுக்காக ஜெபியுங்கள்" என்கிறார்.

முன்வரிசை வெள்ளைக்காரப் பாட்டியம்மாள் ஒருவர் மேடையேறி ஆண்டாயியைக் கட்டிக்கொண்டு அழுதார். ஜட்ஜே அழுகிறார் என்றால் தீர்ப்பு நமக்குத்தான் என்று ஆண்டாயிக்கு நிச்சயமாகிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில், அவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று அங்கிருந்து நேராகக் கல்லங்குறிச்சிக்குப் போய், பெருமாளுக்குத் தேங்காய் உடைத்து, நர்ஸ் வரப்போவதற்கு நன்றி சொல்லிவிட்டு ஊர் திரும்பினார். நெஞ்சில் மிஷன் வெள்ளிவிழா பேட்ஜ் குத்தியபடியேதான். மதம் மாறிய லட்சணம் இது. செல்லதுரை குறித்துக்கொள்ளலாம்.

மாசி போனது, பங்குனி போனது. நர்ஸ் வரவில்லை. ஒரு பார்சல் வந்தது. உள்ளே வழவழப்பான ஓர் ஆங்கிலப் பத்திரிகை. அட்டையில் ஆண்டாயி, கையில் ஊசிக்குழாய். கூடவே வெள்ளைக் கோட்டு ஒன்று.

வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர் மருமகள் சிவரஞ்சனி. அவரும் மிஷன் பள்ளியில் படித்தவர்தான். கல்வியைப் பரப்பினால் இப்படிச் சில விபத்துகள் நேரும்: எழுதியதைப் படித்துவிடுவார்கள்.

"அத்தை, இதுல உங்க பேரு அன்னான்னு போட்டுருக்கு."

"அண்ணாவா? நான் பொம்பளைடி!"

"அன்னா, அத்தை. செவிலி அன்னா. நம்ம ஊருக்கு இனி நர்ஸ் குறையே இல்லைன்னு எழுதிருக்காங்க."

ஆண்டாயி அன்றைக்குச் சாப்பிடவில்லை என்று சிவரஞ்சனி சொன்னார். நர்ஸ் கேட்டுப் போனவரையே நர்ஸாக்கி அனுப்பிவிட்டார்கள். இனி நொச்சித்திட்டுக்கு நர்ஸ் வேண்டும் என்று கேட்டால், அன்னா எங்கே என்றுதான் கேட்பார்கள்.

மறுநாள் காலை ஊசி மருந்து அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினார். இனி பெருக்குவது மட்டும். பழனிவேல் கெஞ்சிப் பார்த்தார், கோபித்துப் பார்த்தார். இப்போது அவருக்கு ஊசி போடுவது மனைவி கமலவேணி. பெரம்பலூர் அரசு ஆஸ்பத்திரியில் போய்க் கற்றுக்கொண்டு வந்தார். "நாப்பது வருசத்துப் பழியை ஊசியில தீத்துக்குறா சார்" என்று பழனிவேல் தோளைத் தடவிக் காட்டினார்.

அறிவரசனைக் கேட்டேன். "மேடையில போட்டு ஒடச்சா அவங்க மனசு கஷ்டப்படும் சார். வயசானவங்க" என்றார். கடல் கடந்து இருப்பவர்களின் மனதுக்கு இவ்வளவு இடம் கொடுத்தவர், இரண்டு பஸ் தூரத்தில் மயங்கி விழுந்தவரின் உடம்புக்கும் கொஞ்சம் கொடுத்திருக்கலாம். பேரை ஏன் மாற்றினீர்கள் என்றேன். "ஆண்டாயி அவங்க வாயில நுழையல சார்." 'அல்லேலூயா' நம் வாயில் எவ்வளவு சுலபமாக நுழைந்தது என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

டீக்கடையில் செல்லதுரையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மதமும் மாறவில்லை, பேரும் மாறவில்லை, நர்ஸும் ஆகவில்லை.

கடைசி வரை கேட்டுவிட்டு, "ஆனா கோட்டு வந்துச்சுல்ல?" என்றார்.

தானே வெளிநாட்டுக்கு ஒரு கடிதம் எழுதிவிடுவதாகச் சிவரஞ்சனி சொல்லிப் பார்த்தார். ஆண்டாயி விடவில்லை. "நீ எழுதுனா, மாமியாருக்காவ மருமவ எழுதுனதுன்னு மூலையில போட்டுருவாங்க. நான் சபையில சொன்னேன். அந்தத் தம்பி அதைச் சபையில முழுங்குனாரு. அதே சபையில அவரு வாயாலயே வரட்டும்."

மாதத்தின் முதல் திங்கட்கிழமை அறிவரசன் நொச்சித்திட்டுக்கு வருவார். ஆவணியில் அவர் வந்தபோது நானும் இருந்தேன்.

"அக்கா, அந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு ஒரே ஒரு போட்டோ."

"கோட்டு அந்தா ஆணியில தொங்குது. வர்ற நர்ஸுக்கு. நம்ம பாக்கி என்னாச்சு தம்பி?"

"டிசம்பர்ல வெளிநாட்டுக்காரங்க வராங்கக்கா. கண்டிப்பா அவங்ககிட்ட சொல்லிடுறேன்."

"ஆடியில வராங்கன்னீங்க."

"வந்தாங்க. ஆபீஸோட திரும்பிட்டாங்க."

ஆண்டாயி இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அலமாரியைத் திறந்தார். கதவின் உட்புறம், கடையில் பாக்கி எழுதிவைப்பது போலச் சாக்பீஸில், லீலாவதி சொல்லிக்கொடுத்த குண்டுக் குண்டு எழுத்தில், 'அறிவரசன் – ஒரு வார்த்தை' என்று இருந்தது.

அறிவரசன் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு கட்டை விரலை எச்சிலில் தொட்டுக்கொண்டு அதன் பக்கம் கையை நீட்டினார்.

"அழிக்காதீங்க தம்பி" என்றார் ஆண்டாயி. "குடுத்துட்டு அழிங்க."